போர்ட் என்றால் துறைமுகம் மட்டுமா?

ராயபுரத்திலும் எண்ணூரிலும் 'போர்ட்' என்றால் துறைமுகம் என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அதே பிள்ளை வளர்ந்து கப்பல் வேலைக்குப் படிக்கப் போகும்போது, 'போர்ட் டென்' என்ற கட்டளையைக் கேட்டுத் திகைக்கிறான். பத்தாம் எண் துறைமுகமா? இல்லை. சுக்கானை இடப்பக்கம் பத்து டிகிரி திருப்பு என்று பொருள்.

கப்பலின் முன்பக்கம் பார்த்து நின்றால் இடக்கைப் பக்கம் போர்ட், வலக்கைப் பக்கம் ஸ்டார்போர்ட். இந்த 'ஸ்டார்' நட்சத்திரம் அல்ல. பழைய ஐரோப்பியப் படகுகளில் திசை திருப்பும் துடுப்பு வலப்பக்கம் இருந்தது; 'ஸ்டியர்' செய்யும் பக்கம் என்பதே அந்தப் பெயர். கரையில் மோதித் துடுப்பு முறியக் கூடாதே! அதனால் இடப்பக்கத்தைக் கரையோடு அணைத்துக் கட்டிச் சரக்கு ஏற்றினார்கள். அந்தப் பக்கத்தின் பழைய பெயர் 'லார்போர்ட்'. காற்றிரைச்சலில் லார்போர்டும் ஸ்டார்போர்டும் ஒன்றுபோலக் காதில் விழும். கடலில் அது உயிருக்கே ஆபத்து. 1844-ல் பிரிட்டிஷ் கடற்படை லார்போர்டைக் கைவிட்டு, 'போர்ட்' என்றே சொல்ல உத்தரவிட்டது.

'லெஃப்ட்' என்று சொன்னால் போதாதா? பின்பக்கம் திரும்பி நிற்பவருக்கு இடம் வலமாகிவிடும். போர்ட் மாறவே மாறாது.

செல்போனில் சார்ஜர் செருகும் துளையும் போர்ட்தான். நம்பரை மாற்றாமல் வேறு கம்பெனிக்குப் போவதையும் 'போர்ட் பண்ணிட்டேன்' என்கிறோம். நம் தமிழில் 'துறை' இல்லையா? படித்துறை, காவல்துறை, கல்வித்துறை என்று எங்கே வந்தாலும் நாம் தடுமாறுவதில்லை. பக்கத்துச் சொல்லே பொருளைச் சொல்லிவிடும். ஆங்கிலமும் அப்படித்தான். அகராதியில் உள்ள பொருள்களை வரிசையாக உருப்போடுவது வீண் வேலை. யார், எங்கே நின்று சொல்கிறார் என்று பார்க்கப் பழக வேண்டும்.

வடசென்னைப் பள்ளிகளின் ஆங்கில ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். 'போர்ட்' என்ற சொல்லைக் கரும்பலகையோடு விட்டுவிடாதீர்கள். பொழுது சாய்ந்ததும் பிள்ளைகளைக் கடற்கரைக்கு அழைத்துப் போங்கள். ஓடும் கப்பலின் போர்ட் பக்கம் சிவப்பு விளக்கும், ஸ்டார்போர்ட் பக்கம் பச்சை விளக்கும் எரியும். தூரத்துக் கப்பலில் சிவப்பு தெரிந்தால், நமக்குத் தெரிவது அதன் எந்தப் பக்கம் என்று அவர்களையே சொல்லச் சொல்லுங்கள்.