கடைசிப் பெஞ்சில் யார்?

(நெகிரி செம்பிலான் தோட்டத் தொழிலாளரிடையே ஒரு திருச்சபைப் போதகர் ஆற்றிய உரை)

 

தொழிற்சங்க மேடையில் பாதிரியாருக்கு என்ன வேலை என்று சிலர் எண்ணலாம். நான் இங்கே மதம் பரப்ப வரவில்லை. இக்கூட்டத்தில் மாரியம்மனைத் தொழுவோரும் இருக்கிறீர்கள். கர்த்தரை வணங்குவோரும் இருக்கிறீர்கள். நம் எல்லாருக்கும் பொதுவான ஒன்றைப் பற்றியே பேச வந்தேன். மனிதனுக்கு மனிதன் தரவேண்டிய மரியாதைதான் அது.

வேதாகமத்தில் யாக்கோபு எழுதிய நிருபம் ஒன்று உண்டு. அதன் 2ஆம் அதிகாரத்தில் இரண்டு பேர் சபைக்கு வருகிறார்கள். ஒருவன் பொன்மோதிரக்காரன், மற்றவன் அழுக்குத் துணி உடுத்திய ஏழை. பணக்காரனுக்கு நல்ல இடம் கொடுத்து, ஏழையை ஓரமாக நிற்கச் சொல்கிறவர்களை யாக்கோபு கண்டிக்கிறார். 5ஆம் அதிகாரத்திலோ, அறுவடை செய்தவனுக்குக் கொடுக்காமல் பிடித்துவைத்த கூலியைக் கண்டிக்கிறார். மரியாதை வேறு, கூலி வேறு என்று அவர் பிரிக்கவில்லை.

திருச்சபையார் இதை எளிதில் ஏற்றுக்கொண்டார்களா? இல்லை. தஞ்சாவூரிலும் சென்னை வேப்பேரியிலும் கோயிலுக்குள்ளேயே சாதி பார்த்தார்கள். 1833இல் கல்கத்தாப் பேராயர் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி வேற்றுமை கூடாது என்று கட்டளையிட்டார். அதற்கு உடன்படாமல் பலர் சபையை விட்டே விலகினார்கள். திருவிருந்துப் பாத்திரம் ஒன்றுதான். ஆனால் அதை எல்லாரோடும் பகிர மனம் வரவில்லை!

அன்பர்களே, கடல் கடந்து வந்தபோது அந்தச் சாதி மூட்டையையும் தூக்கிக்கொண்டே வந்தோம். கங்காணி தன் ஊரிலும் உறவிலும் ஆள் சேர்த்தார். லயத்திலும் அந்தப் பிரிவு தொடர்ந்தது. போதாதென்று கிராணி, கூலி என்று இங்கே புதிய சாதி ஒன்றும் முளைத்தது.

1941இல் சிலாங்கூர் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் நடந்த வேலைநிறுத்தத்தை நினைத்துப் பாருங்கள். ஆர்.எச். நாதன் முதலியோர் அதற்கு வழிகாட்டினார்கள். கூலி உயரவேண்டும், கள்ளுக்கடை மூடவேண்டும், பிள்ளைகளுக்கு நல்ல பள்ளி வேண்டும் என்றார்கள். இன்னொன்றும் கேட்டார்கள்: துரையையும் கிராணியையும் கண்டால் சைக்கிளை விட்டு இறங்கும் வழக்கம் ஒழியவேண்டும்! சைக்கிளை விட்டு இறங்கினால் கால் வலிக்காது, மனம்தான் வலிக்கும். நாதன் நாடு கடத்தப்பட்டார். படையின் துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் உயிரிழந்தனர்.

கிராணிமாரில் மிஷன் பள்ளியில் படித்த கிறிஸ்தவர்களும் இருந்தார்கள். ஞாயிறன்று ஒரே அப்பத்தைப் பகிர்ந்த சகோதரன், திங்களன்று தம்மைக் கண்டு இறங்கவேண்டும் என்று ஒருவர் எதிர்பார்த்தால், அந்தத் திருவிருந்துக்கு என்ன பொருள்?

1954இல் பல சங்கங்கள் இணைந்து தோட்டத் தொழிலாளர் தேசிய சங்கம் உருவாயிற்று. சந்தா ரசீதில் சாதி கேட்கவில்லை. கோயிலில் பேசிய சமத்துவத்தைச் சங்கம் ரசீதில் எழுதிக் காட்டியது. போதகன் என்ற முறையில் அதற்கு நன்றி சொல்கிறேன்.

இன்று நிலை மாறிவிட்டது. நீலாய், லாபு பக்கம் ரப்பர்க் காடு இருந்த இடத்தில் வீடுகள் நிற்கின்றன. நம் பிள்ளைகள் பலர் பட்டணம் சேர்ந்தார்கள். தோட்டங்களில் இந்தோனேசியரும் வங்காளதேசத்தாரும் நேப்பாளியரும் உழைக்கிறார்கள். அவர்களை வேலை வாங்கும் தண்டலாகவும் கிராணியாகவும் நம்மவரே சில இடங்களில் இருக்கிறோம். நம் பாட்டனை "ஏய்" என்று கூப்பிட்ட அதே குரல் இன்று நம் வாயிலிருந்து வரலாமா?

சட்டம் தெளிவாக இருக்கிறது. குறைந்தபட்சச் சம்பளம் 2025இல் மாதம் 1,700 ரிங்கிட்டாக உயர்ந்தது. அது வெளிநாட்டுத் தொழிலாளிக்கும் உரியது. பிறருடைய கடப்பிதழைப் பறித்து வைத்துக்கொள்வது 1966ஆம் ஆண்டுக் கடப்பிதழ்ச் சட்டப்படி குற்றம். அவர்களும் சங்கத்தில் சேரலாம். அவனுக்குக் குறைத்துக் கொடுக்க முதலாளிக்கு வழி கிடைத்தால், உனக்கு ஏன் கூட்டிக் கொடுக்கப்போகிறார்? அவனுடைய கூலியைக் காப்பது நம் கூலிக்கும் காவல்.

ஆகவே, கிராணிமார்களே, சம்பளச் சீட்டை அவனுக்குப் புரியும்படி விளக்குங்கள். வெட்டுத் தோழர்களே, அடுத்த கூட்டத்துக்கு அவனையும் அழைத்து வாருங்கள். என் சபை மக்களே, அவன் எந்த மதத்தவனாயினும் நோயுற்றால் போய்ப் பாருங்கள். பண்டிகை நாளில் உங்கள் வீட்டில் உட்காரவைத்துச் சோறிடுங்கள்.

நம் விசுவாசத்தின் அளவு முதல் பெஞ்சில் இல்லை. கடைசிப் பெஞ்சில் இருப்பவனை நாம் எப்படி நடத்துகிறோம் என்பதில்தான் அது இருக்கிறது.