முயல் முடியில் வளர்ந்த பனிப்படிகம்

பனிப்படிகத்தை நுண்ணோக்கியில் பார்ப்பது எளிதல்ல; மூச்சுக்காற்று பட்டாலே உருகிவிடும். அமெரிக்காவின் வெர்மான்ட் விவசாயி வில்சன் பென்ட்லி 1885இல் நுண்ணோக்கியோடு கேமராவை இணைத்து ஒற்றைப் பனிப்படிகத்தைப் படமெடுத்தார். அது வானிலேயே வளர்ந்து முடிந்த படிகம்.

வளர்ச்சியையே கண்முன் நிகழ்த்தியவர் ஜப்பானிய இயற்பியலாளர் உகிச்சிரோ நகாயா. 1936இல் ஹொக்கைடோ பல்கலைக்கழகக் குளிர் அறையில், ஒரு முயல் முடியின் மேல் செயற்கைப் பனிப்படிகத்தை வளர்த்தார். எத்தனை பொறுமை வேண்டியிருந்திருக்கும்! வெப்பநிலையும் ஈரப்பதமும் மாற மாற வடிவமும் மாறியது. மைனஸ் 2 டிகிரி செல்சியஸ் அருகே அறுகோணத் தகடு. மைனஸ் 5 அருகே ஊசி. மைனஸ் 15 அருகே, ஈரம் மிகுந்தால், கிளைவிட்ட நட்சத்திரம். தகட்டின் ஆறு மூலைகளும் ஈரக்காற்றுக்குள் நீட்டிக்கொண்டிருப்பதால் அவற்றுக்கே நீராவி அதிகம் கிடைக்கிறது. கிளைகள் அங்கிருந்துதான் புறப்படுகின்றன.