டீசல் வெல்டிங் செட்டும் ஒரு கடிதமும்

(முன்னாள் மாணவர் சந்திப்பில் பேசியதன் எழுத்து வடிவம்)



‘தொழில் அனுபவம் ஏதாவது பத்து நிமிஷம் பேசு’ என்று செயலாளர் போனில் சொன்னார். பெரிய விஷயம் எதுவும் என்னிடம் இல்லை. நான் பைப்லைன் சைட்டுகளில் வேலை பார்க்கிறவன். எனக்குத் தெரிந்தது டீசல் என்ஜினில் ஓடும் வெல்டிங் ஜெனரேட்டர். அதை எப்படி ட்யூன் செய்வது என்பதைத்தான் சொல்லப் போகிறேன். அதை நான் கற்றுக்கொண்ட விதம் அவ்வளவு பெருமையானதல்ல. அதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன்.

ராஜஸ்தானில் பார்மர் பக்கம் ஒரு வேலை. மே மாதம். மத்தியானம் 45 டிகிரி சாதாரணமாகப் போகும். எங்களிடம் இருந்தது 300 ஆம்பியர் டிசி செட்டுகள். இரண்டு சிலிண்டர், காற்றால் குளிரும் என்ஜின், 1500 ஆர்பிஎம், சுமார் 20 குதிரைத்திறன். மூன்றாம் நம்பர் செட்டில் வேலை பார்த்தவர் துவாக்குடி பக்கத்து அண்ணன் ஒருவர். என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர். ‘சார்’ என்றுதான் கூப்பிடுவார்; நான் ‘அண்ணே’ என்பேன். அவருடைய ஜாயின்ட்டுகள் திடீரென்று எக்ஸ்ரேயில் விழ ஆரம்பித்தன. ரூட் நன்றாக இருக்கும். ஃபில்லிங் பாஸில் கசடு சிக்கியிருக்கும், சில இடத்தில் உருகிச் சேரவே இல்லை. அதிலும் காலையில் போட்டது பாஸ், மத்தியானம் போட்டது ரிப்பேர்.

‘மெஷின் இழுக்க மாட்டேங்குது சார், ஆர்க் படுத்துக்குது’ என்று இரண்டு முறை சொன்னார். நான் போய்ப் பார்த்தேன். பேனலில் சுமையில்லாமல் 78 வோல்ட் காட்டியது. என்ஜின் சத்தமும் சரியாகத்தான் இருந்தது. சாப்பாட்டுக்குப் பிறகு இவர் தூங்கி வழிகிறார் என்று சூப்பர்வைசர் சொன்னதை நான் நம்பிவிட்டேன். அவரை வேலையிலிருந்து நிறுத்தி வைக்கும் கடிதத்தில் கையெழுத்துப் போட்டது நான்தான்.

அவர் இடத்தில் வேறொரு வெல்டரைப் போட்டோம், நல்ல கைக்காரர். நாலாவது நாள் அவருடைய மத்தியான ஜாயின்ட்டும் விழுந்தது. அப்போதுதான் உறைத்தது. ஆளை மாற்றியும் கோளாறு அதே மெஷினிலேயே உட்கார்ந்திருக்கிறது!

எங்கள் டீசல் மெக்கானிக் வயதான பஞ்சாபிக்காரர். எல்லாரும் ‘உஸ்தாத்’ என்போம். அவர் என்னைக் கேட்ட ஒரே கேள்வி: ‘சாஹிப், சுமை வைத்துப் பார்த்தீர்களா?’ நான் பார்க்கவில்லை. இந்தக் கல்லூரியின் ஐ.சி. என்ஜின் லேபில் கயிறு சுற்றிய பிரேக் டிரம்மில் எடை ஏற்றி ஏற்றி ரீடிங் எடுத்தவன் நான். என்ஜினைச் சும்மா ஓடவிட்டுப் பார்த்தால் ஒன்றும் தெரியாது என்று ரெக்கார்டு நோட்டில் எழுதி மார்க் வாங்கியவனும் நான்தான்.

சைட்டில் லோடு பேங்க் கிடையாது. உஸ்தாத் ஒரு பிளாஸ்டிக் டிரம்மில் தண்ணீர் ஊற்றி, சலவை சோடாவைக் கரைத்து, இரண்டு இரும்புத் தகட்டைத் தொங்கவிட்டு, வெல்டிங் கேபிளை இரண்டிலும் மாட்டினார். தகட்டை உள்ளே இறக்க இறக்க ஆம்பியர் ஏறும். ஒரு எச்சரிக்கை: உப்புப் போடாதீர்கள். டிசியில் உப்புத் தண்ணீர் குளோரின் கக்கும். சோடா போட்டாலும் ஹைட்ரஜன் வரும். திறந்த வெளியில் செய்யுங்கள், பக்கத்தில் பீடி கூடாது. தண்ணீர் கொதிக்க ஆரம்பித்துவிடும், கையை விடாதீர்கள்.

180 ஆம்பியர் வைத்தோம். கூடவே அதே செட்டின் பிளக்கில் ஒரு கிரைண்டரையும் ஓட்டினோம், வேலை நேரத்தில் அப்படித்தானே ஓடுகிறது. சும்மா ஓடும்போது 1580 காட்டிய டாக்கோமீட்டர் 1380-க்கு இறங்கியது. புகை கறுப்பு.

கணக்குப் போட்டுப் பாருங்கள். கைவெல்டிங்கில் ஆர்க் மின்னழுத்தத்துக்கு ஒரு வழக்கமான சூத்திரம் உண்டு: 20-உடன் ஆம்பியரின் 0.04 மடங்கைக் கூட்டுங்கள். 180-க்கு 27.2 வோல்ட், அதாவது 4.9 கிலோவாட். ஜெனரேட்டரின் திறன் 60 சதவீதம் என்று வைத்தால் என்ஜின் கொடுக்க வேண்டியது 11 குதிரைத்திறன். கிரைண்டருக்கு இன்னொரு 4. ஆக 15. 20 குதிரை என்ஜினுக்கு இது தண்ணீர் பட்ட பாடு. ஆனால் மூச்சு விட முடியாத என்ஜினுக்கு அல்ல. வேகம் 13 சதவீதம் விழுந்தால் மின்னழுத்தமும் 13 சதவீதம்தான் விழும் என்று நினைக்காதீர்கள். தன் மின்சாரத்தையே தன் ஃபீல்டுக்கு எடுத்துக்கொள்ளும் ரகம் இது. வேகம் குறைந்தால் ஃபீல்டும் தளரும், இரண்டும் சேர்ந்து இழுத்துப் போடும். அண்ணன் சொன்ன ‘படுத்துக்குது’ இதுதான்.

நம் பையன்கள் இந்த இடத்தில் செய்கிற முதல் காரியம் கவர்னர் ஸ்க்ரூவைத் திருகுவது. சுமையில்லாத வேகம் 1650-க்குப் போகும், பேனலில் வோல்ட் ஏறும், ‘ட்யூன் பண்ணிட்டோம்’ என்பார்கள். சுமை வந்தால் பழையபடி படுத்துவிடும். அதற்குள் பிளக்கில் 50 ஹெர்ட்ஸ் 55 ஆகிவிடும். இன்னும் சிலர் பம்ப்பின் சீலை உடைத்து டீசலைக் கூட்டுவார்கள். காற்றே போகாத என்ஜினுக்கு டீசலைக் கூட்டினால் கூடுவது புகைதான். மெக்கானிகல் கவர்னருக்கு சுமார் 5 சதவீதச் சரிவு இயல்பு. சும்மா ஓடும்போது 1575, முழுச் சுமையில் 1500, இப்படி இருந்தால் கவர்னரைத் தொடவே தொடாதீர்கள்.

உஸ்தாத் காற்று ஃபில்டரைக் கழற்றி என் முன்னால் வைத்தார். மடிப்பு மடிப்பாகப் பாலைவன மண், பவுடர் மாதிரி. தட்டித் தட்டித் திரும்ப மாட்டிய பழைய ஃபில்டர். புது ஃபில்டர் கேட்டு அவர் போட்ட இன்டென்ட்டை ‘இன்னும் ஒரு மாதம் ஓட்டவும்’ என்று எழுதித் திருப்பியவர் யார் என்கிறீர்கள்? அந்தப் பேனா இப்போதும் என் சட்டைப் பையில் இருக்கிறது.

ஃபில்டர் மாற்றினோம். 1440 வந்தது. டீசல் ஃபில்டரில் தண்ணீர் தேங்கியிருந்தது. பைப் இணைப்பில் தேய்ந்த செம்பு வாஷர் வழியாகக் காற்றும் புகுந்திருந்தது. அதையெல்லாம் சரி செய்து ஏர் எடுத்ததும் 1480. குளிரூட்டும் துடுப்புகளில் அடைத்திருந்த மண்ணைச் சுத்தம் செய்தோம். டேப்பட் இடைவெளியை என்ஜின் ஆறியபின் மேனுவல் அளவுக்கு வைத்தோம். இன்ஜெக்டர் இரண்டில் ஒன்று ஒழுகியது, மாற்றினோம். கடைசியில் அதே சுமைக்கு 1515, புகை கண்ணுக்கே தெரியவில்லை. கவர்னர் ஸ்க்ரூவை யாரும் தொடவில்லை.

ஜெனரேட்டர் பக்கம் அதிகமில்லை. கார்பன் பிரஷ் குட்டையாகியிருந்தால் மாற்றுங்கள், ஸ்பிரிங் அழுத்தம் பாருங்கள், கம்யூட்டேட்டரில் பொறி பறக்கிறதா என்று பாருங்கள். கேபிளை மட்டும் மறக்க வேண்டாம். 50 சதுர மில்லி மீட்டர் செம்புக் கேபிள் போக 30 மீட்டர், வர 30 மீட்டர் என்றால் 150 ஆம்பியரில் 3 வோல்ட்டுக்கு மேல் அதிலேயே போய்விடும். எர்த் கிளாம்ப்பைத் தொட்டுப் பாருங்கள், சுட்டால் உங்கள் டீசல் அங்கே எரிகிறது என்று அர்த்தம். அதேபோல் செட்டை மணிக்கணக்கில் சும்மா ஓடவிடாதீர்கள். சுமையில்லாமல் ஓடும் டீசல் என்ஜினுக்குள் கரி படியும்.

கடிதத்தைத் திரும்பப் பெற்றேன். நானே ஊருக்குப் போன் போட்டேன். ‘மெஷின்தான் அண்ணே தப்பு’ என்றேன். ‘அதத்தானே சார் நான் அன்னிக்கே சொன்னேன்’ என்றார். கோபமே இல்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது. பதினோரு நாள் சம்பளம் அவருக்குப் போயிற்று. கம்பெனியில் கேட்டுப் பார்த்தேன், வேலை பார்க்காத நாளுக்குச் சம்பளம் தர விதியில்லை என்றார்கள். என் கையிலிருந்து கொடுத்தபோது அவர் வாங்கவில்லை. ‘எனக்கு ஒரு டாக்கோமீட்டர் வாங்கிக் கொடுங்க சார்’ என்றார். வாங்கிக் கொடுத்தேன். இப்போது வேறு சைட்டில் இருக்கிறார். காலையில் ஆர்க் அடிக்கும் முன்னால் சுமை வைத்து ஆர்பிஎம் பார்த்துச் சுண்ணாம்புக் கட்டியால் மெஷின் மேல் எழுதிவிடுவாராம்.

நம் ஒர்க்ஷாப்பின் பின்பக்கம் ஒரு பழைய டீசல் வெல்டிங் செட் நிற்பதைக் காலையில் பார்த்தேன். ஹெச்.ஓ.டி. அனுமதி தந்திருக்கிறார். டிரம்மும் சலவை சோடாவும் நான் ஏற்பாடு செய்துவிட்டேன். சாப்பாடு முடிந்து மூன்று மணிக்கு விருப்பமுள்ள தம்பி தங்கைகள் வரலாம். சட்டை அழுக்காகும், சொல்லிவிட்டேன்.