ஃபார்வர்டு செய்யும் முன் ஒரு நிமிடம்

(கிளை நூலகத்தில் நடந்த பெற்றோர் சந்திப்பில் பேசியதன் எழுத்து வடிவம்)



முதலில் நான் செய்த ஒரு தப்பைச் சொல்லிவிடுகிறேன். சில மாதங்களுக்கு முன்னால் எங்கள் தெரு வாட்ஸ்அப் குழுவுக்கு ஒரு வீடியோ வந்தது. பஸ் ஸ்டாப்பில் யூனிஃபார்ம் போட்ட பையன்கள் அடித்துக்கொள்கிறார்கள். மொத்தம் 20 விநாடிதான். "இந்தக் காலத்துப் பசங்களே இப்படித்தான்" என்று வரிசையாகக் கருத்துகள். நானும் இரண்டு குழுக்களுக்கு அதை அனுப்பிவிட்டேன். இத்தனைக்கும் நான் படித்தது இதழியல்!

மறுநாள் பாட்டிதான் கண்டுபிடித்தார். "ஏம்மா, இது நம்ம பின்வீட்டுப் பையன் இல்ல? எனக்குப் பென்ஷன் மெசேஜ் வந்துதான்னு பார்த்துச் சொல்வானே!" அவனேதான். பிளஸ் ஒன் படிக்கிறான். விசாரித்தால், அவன் சண்டை போடவில்லை, விலக்கிவிடப் போயிருக்கிறான். கையை ஓங்குவது போலத் தெரியும் இடத்தோடு வீடியோ முடிந்துவிட்டது. அதற்குள் வீட்டில் திட்டு, தெருவில் முறைப்பு. நான்கு நாள் அவன் பள்ளிக்கூடம் போகவில்லை.

மன்னிப்பு கேட்கப் போனேன். அவன் ஒன்றே ஒன்றுதான் கேட்டான். "அக்கா, மழைத் தண்ணி தெருவுல நின்னப்ப நாங்க வீடு வீடா தண்ணி கேன் தூக்கிட்டுப் போனோமே, அதை யாரும் வீடியோ எடுக்கலையே?"

என்னிடம் பதில் இல்லை.

வழக்கத்துக்கு மாறாக நடப்பதுதான் செய்தி என்று எங்களுக்கு வகுப்பில் சொல்லித்தந்தார்கள். தினமும் லட்சக்கணக்கான பிள்ளைகள் ஒழுங்காகப் பள்ளிக்குப் போய் வருவது செய்தி ஆகாது. எங்கோ நடக்கும் ஒரு சண்டை செய்தியாகிவிடும். அதைப் பார்த்து எல்லாப் பிள்ளைகளையும் எடைபோட்டால் கணக்கு தப்பாகத்தானே வரும்?

பிரச்சினையே இல்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் மறுபக்கத்தையும் பாருங்க. திருவண்ணாமலை மாணவி வினிஷா உமாசங்கர், கரிக்குப் பதிலாகச் சூரிய ஒளியில் இயங்கும் இஸ்திரி வண்டியை வடிவமைத்தார். 2021-இல் கிளாஸ்கோ காலநிலை மாநாட்டில் உலகத் தலைவர்கள் முன் பேசியபோது அவருக்கு வயது 15. நாடு முழுவதும் 75 பள்ளிகளைச் சேர்ந்த 750 மாணவிகள் பங்களித்த 'ஆசாதிசாட்' செயற்கைக்கோளில், மதுரை மாவட்டம் திருமங்கலம் அரசுப் பள்ளி மாணவிகளின் உழைப்பும் இருந்தது. 2022-இல் முதல் முயற்சி வெற்றி பெறவில்லை. அதனால் அந்தப் பிள்ளைகளின் உழைப்பு குறைந்துவிடுமா?

இன்னொன்று, சட்டமும் இதில் தெளிவாக இருக்கிறது. 18 வயதுக்குக் கீழ் உள்ள ஒருவர் ஒரு வழக்கில் குற்றச்சாட்டுக்கு ஆளானவராக இருந்தாலும், பாதிக்கப்பட்டவராக அல்லது சாட்சியாக இருந்தாலும், அவரை அடையாளம் காட்டும் பெயர், முகவரி, பள்ளி, படம் எதையும் வெளியிடக் கூடாது. இளைஞர் நீதிச் சட்டம், 2015-இன் 74-ஆவது பிரிவு இதைச் சொல்கிறது. மீறினால் 6 மாதம் வரை சிறை, அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

அப்போ என்ன செய்யலாம்? அப்படி ஒரு வீடியோ வந்தால் உங்களோடு நிறுத்திவிடுங்கள். ஒரு பிள்ளை ஆபத்தில் இருப்பதாகத் தெரிந்தால் 1098-க்கு அழையுங்கள். 24 மணி நேரமும் இயங்கும் இலவச எண் அது. உங்கள் வீட்டுப் பிள்ளை அதில் இருந்தால், திட்டும் முன் "என்னடா நடந்துச்சு?" என்று கேளுங்கள். நல்லது செய்தால் அவனிடமே நேரில் சொல்லுங்கள்.

நான் அனுப்பிய இரண்டு குழுக்களிலும் உண்மையை எழுதினேன். முன்பு வந்த கருத்துகளில் பாதிகூட வரவில்லை. ஆனால் அடுத்த நாள் காலையில், அவன் பையை மாட்டிக்கொண்டு சைக்கிளை எடுத்ததை எங்கள் மாடியிலிருந்து பார்த்தேன்.