திரைக்குப் பின்னே ஒரு பாடசாலை
(திருவிழாக் கலைநிகழ்ச்சியில் நிகழ்த்தப்பெற்ற உரை)

 

திருவிழா மேடையில் பிள்ளைகள் இராமனாகவும் சீதையாகவும் தோன்றும்போது பெற்றோர் உள்ளம் பூரிக்கின்றது. அரைமணி நேரத்தில் நாடகம் முடிகின்றது, கைதட்டல் எழுகின்றது, வாடகைக்கு எடுத்த உடைகள் கடைக்குத் திரும்புகின்றன. அந்த மகுடம் எதனால் ஆனது, வண்ணத்தைக் குழைத்தவர் யார், திரையைப் பிடித்த கை யாருடையது என்பனவற்றைப் பிள்ளைகள் அறிவதில்லை. தலைமை வேடம் கிடைக்கவில்லை என்பதற்காகப் பிள்ளையை ஒத்திகையிலிருந்து அழைத்துச் சென்றுவிடும் பெற்றோரும் உண்டு. மேடையின் முன்பக்கத்தை மட்டுமே கண்ட பிள்ளை புகழை அறியும், உழைப்பை அறியாது.

தமிழகத்தின் வடபகுதிச் சிற்றூர்களில் நிலைமை வேறு. அங்குத் திரௌபதி அம்மன் திருவிழாக்களில் பாரதக் கதை இரவு தொடங்கி விடியும்வரை கட்டைக்கூத்தாக நிகழ்கின்றது. தலைமை வேடங்களுக்குரிய கிரீடம், புஜகீர்த்தி, மார்புப்பதக்கம் முதலியவற்றை எடை குறைந்த மரத்தில் செதுக்கி, கண்ணாடித் துண்டுகளாலும் வண்ணத் தாள்களாலும் அழகு செய்வர். இவ்வணிகளுக்குக் 'கட்டை' என்று பெயர். கூத்தின் பெயரும் அதனால் வந்ததே. கலைஞர்கள் கண்ணாடியைக் கையிலேந்தித் தம் முகத்திற்குத் தாமே வண்ணம் தீட்டுவர். ஊர்ப் பிள்ளைகள் சூழ்ந்து நின்று காண்பர். எளிய உழவர் ஒருவர் சிறிது சிறிதாகத் துரியோதனனாக மாறுவதைக் கண்ட பிள்ளைக்கு அதுவே முதற்பாடம். பின்னர் இருவர் திரை பிடிக்க, வேடமிட்டவர் அதன் மறைவில் நின்று பாடித் தம் வருகையை அறிவிப்பார்.

எனினும், இக்கலையைக் கற்பதற்குச் சிறார் கொடுத்த விலை சிறிதன்று. தவத்திரு சங்கரதாஸ் சுவாமிகள் 1918-ஆம் ஆண்டில் மதுரையில் தொடங்கிய பாலர் நாடக சபையில் டி.கே. சண்முகம் சேர்ந்தபோது அவருக்கு வயது ஆறு. பிற்காலத்தில் ஒளவையார் வேடத்தால் 'ஒளவை சண்முகம்' என்று புகழ்பெற்றவர் அவரே. ஆயினும் அத்தகைய சபைகளில் சேர்ந்த சிறுவர் பலர் வீட்டைப் பிரிந்து ஊர் ஊராய்ச் சென்றனர். பள்ளிப் படிப்பை இழந்தனர்.

கட்டைக்கூத்துக் கலைஞர் பெ. இராஜகோபால் அவர்களும் பத்து வயதிலேயே பள்ளியை விட்டுத் தந்தையாரின் கூத்துக் குழுவில் சேர்ந்தவர். கலையா கல்வியா என்ற நிலை இனியொரு பிள்ளைக்கு வரலாகாது என்பதே அவர் தொண்டின் அடிப்படை. 1990-இல் கட்டைக்கூத்துச் சங்கம் தோன்றியது. 2002-இல் அவரும் அவர்தம் துணைவியார் ஹன்னே டி புருயின் அவர்களும் காஞ்சிபுரத்தை அடுத்த புஞ்சரசந்தாங்கல் கிராமத்தில் குருகுலம் அமைத்தனர். அங்குப் பள்ளிப் பாடத்தோடு பாட்டும் அடவும் வாத்தியமும் ஒப்பனையும் பயிற்றுவிக்கப்பட்டன. ஆண்களே பெண் வேடமும் புனைந்து வந்த கலையில், பெண்பிள்ளைகளும் கட்டை கட்டி ஆடினர். அக்குருகுலம் 2020-இல் மூடப்பட்டது. ஆயினும் அது காட்டிய வழி மூடப்படவில்லை.

ஜொகூர் மக்களுக்கு இக்கலை அயலன்று. பாலத்திற்கு அப்பால், சிங்கப்பூர் சவுத் பிரிட்ஜ் சாலை ஸ்ரீ மாரியம்மன் ஆலயத்தில் தீமிதிக்கு முன்னர்ப் பாரத நிகழ்ச்சிகள் சடங்காக நடத்தப்பெறுகின்றன. மலாயாத் தோட்டங்களில் உழைத்த முன்னோரும் பகலெல்லாம் பால்மரம் சீவி, இரவில் கூத்தும் நாடகமும் நடத்தி மகிழ்ந்தனர். கையில் கிடைத்த சேலையே திரையாயிற்று; அட்டையும் மினுக்குத் தாளும் மகுடமாயின. வாடகைக் கடை இல்லாத காலத்தில் வீடுகளே ஒப்பனைக் கூடங்களாயின.

ஆகவே, அடுத்த திருவிழா நாடகத்திற்குச் சில வாரங்களுக்கு முன்பே குடும்பத்தோடு கூடுவது நன்று. பாட்டிமார் கதை சொல்லட்டும். தந்தையர் அட்டையை வெட்ட, தாய்மார் உடை தைக்க, பிள்ளைகள் பசை தடவி மினுக்குத் தாள் ஒட்டட்டும். கூச்சமுள்ள பிள்ளை மணி அடிக்கட்டும்; ஓவியம் வரையும் பிள்ளை காட்சித் திரை தீட்டட்டும். இவ்வாண்டு அரசனாக நடித்தவன் மறு ஆண்டு திரை பிடிக்கட்டும். நாடகம் முடிந்தபின், மேடைக்குப் பின்னிருந்தோரையும் பெயர் சொல்லி அழைத்துச் சிறப்பிக்க வேண்டும்.

இதனால் எல்லாப் பிள்ளைகளும் நடிகராகிவிட மாட்டார்கள், அது நோக்கமுமன்று. பிறர் உழைப்பை மதிக்கும் மனமும், தன் முறை வரும்வரை காத்திருக்கும் பொறுமையும் வாய்க்கும். திரை பிடிக்க இருவர் இல்லையேல், துரியோதனன் வருகையே இல்லை. இதனைச் சிறுவயதிலேயே உணரும் பிள்ளை, குடும்பத்திற்கும் ஊருக்கும் என்றும் துணையாய் நிற்கும்.

அன்னையின் திருவருள் அனைவருக்கும் கிட்டுவதாக!