மேற்சட்டை எங்கே முடிய வேண்டும்?

(தொலைக்காட்சி மன்றத்தில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



தீபாவளிக்கு இரண்டு வாரம் இருக்கும்போது சிராங்கூன் சாலையிலும் பிரிக்பீல்ட்ஸிலும் உள்ள துணிக்கடைகளில் அடிக்கடி காணக்கூடிய ஒரு காட்சி உண்டு. பதினாறு, பதினேழு வயதுப் பெண் ஒருத்தி உடை மாற்றும் அறைக்குள் ஆசையோடு போகிறாள். வெளியே வரும்போது முகம் வாடியிருக்கிறது. கூட வந்த அத்தை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "இந்த உடம்புக்கு இதெல்லாம் எடுக்காதும்மா. பெரிசா, தொளதொளன்னு ஒண்ணு பாரு" என்கிறார். பெண் மறுபேச்சுப் பேசவில்லை. இரண்டு அளவு பெரிய கறுப்புச் சட்டை ஒன்றை எடுத்துக்கொண்டு வீடு திரும்புகிறாள். அந்தத் தீபாவளிக்கு எடுத்த குடும்பப் படத்தில் அவள் எல்லாருக்கும் பின்னால் நிற்பாள்.

அவள் உடம்பில் ஒரு குறையும் இல்லை. அவள் போட்டுப் பார்த்த சட்டையின் கீழ் ஓரம் இரண்டு அங்குலம் தள்ளி முடிந்திருந்தால் போதும், அன்று சிரித்த முகத்தோடு வெளியே வந்திருப்பாள். ஆள் பாதி, ஆடை பாதி என்பார்கள். அந்த ஆடைப் பாதியில் நிறத்துக்கும் வேலைப்பாட்டுக்கும் கொடுக்கிற கவனத்தில் சிறு பங்கைக்கூடப் பலரும் கீழ் ஓரத்துக்குக் கொடுப்பதில்லை. இன்றைய உரை அதைப் பற்றியது.

கண் நிற்கும் இடம்

சட்டையின் கீழ் ஓரம் என்பது உடம்பின் குறுக்கே போட்ட ஒரு கோடு. அங்கே ஒரு துணி முடிந்து இன்னொரு துணி தொடங்குகிறது. பெரும்பாலும் நிறமும் மாறுகிறது. பார்க்கிறவர் கண் மேலிருந்து இறங்கி வந்து அந்தக் கோட்டில் ஒரு கணம் நிற்கும். நின்ற இடத்தின் அகலம்தான் மனத்தில் பதியும். அந்த இடம் உடம்பின் மிக அகலமான பகுதியாக இருந்தால், உடம்பு முழுவதும் அந்த அகலம் இருப்பதாகத் தோன்றும். கோட்டை இரண்டு அங்குலம் மேலேயோ கீழேயோ நகர்த்தினால் கண் குறுகலான இடத்தில் நிற்கும். உடம்பு அதே உடம்புதான், தோற்றம் மாறிவிடும்.

இங்கே ஒரு பழைய நம்பிக்கையையும் பேசிவிடுவது நல்லது. குறுக்குக் கோடு போட்ட துணி உடம்பைப் பருமனாகக் காட்டும் என்று பாட்டி காலத்திலிருந்தே சொல்லி வருகிறார்கள். ஆனால் ஹெல்ம்ஹோல்ட்ஸ் என்ற ஜெர்மானிய அறிவியலறிஞர் 19ஆம் நூற்றாண்டிலேயே இதற்கு மாறான ஒன்றைக் குறித்து வைத்தார். குறுக்குக் கோடுகளால் நிரப்பிய சதுரம், நெடுக்குக் கோடுகளால் நிரப்பிய அதே அளவுச் சதுரத்தைவிட உயரமாகவும் ஒடுக்கமாகவும் தெரியும் என்றார் அவர். பிரிட்டனின் யோர்க் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2011இல் வெளியிட்ட ஆய்வில், ஆடைகளிலும் குறுக்குக் கோடு பருமனைக் கூட்டிக் காட்டவில்லை என்று கண்டார்கள். ஆக, கோடு போட்ட துணியைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. துணி முழுக்கப் பரவிய பல கோடுகள் வேறு. உடம்பை இரண்டாகப் பிரித்துக் காட்டும் ஒற்றை ஓரம் வேறு. கவனிக்க வேண்டியது பின்னதைத்தான்.

ஊக்கும் நிலைக்கண்ணாடியும்

எந்த வடிவ உடம்பானாலும் முதல் வேலை ஒன்றே. வீட்டில் இருக்கிற நீளமான சட்டை ஒன்றைப் போட்டுக்கொண்டு நிலைக்கண்ணாடி முன் நிற்க வேண்டும். அளவு நாடாவால் மூன்று இடங்களைக் குறித்துக்கொள்ளலாம். ஒன்று, இடையின் ஒடுங்கிய பகுதி. இரண்டு, இடுப்பெலும்பு. மூன்று, தையல்காரர்கள் 'சீட்' என்று சொல்லும், பின்பகுதியின் மிக அகலமான இடம். இது பெரும்பாலோருக்கு இடையிலிருந்து 7 முதல் 9 அங்குலம் கீழே இருக்கும்.

பிறகு சட்டையின் கீழ்ப்பகுதியை உள்ளே மடித்து ஊக்குக் குத்தி, ஒவ்வொரு நீளத்திலும் பார்க்க வேண்டும். முன்னால் மட்டும் பார்த்தால் போதாது. பக்கவாட்டிலும் திரும்பிப் பார்க்க வேண்டும். எந்த நீளத்தில் உருவம் நிமிர்ந்து தெரிகிறதோ, அந்த நீளத்தைத் தோள்பட்டையின் உச்சியிலிருந்து அளந்து ஒரு தாளில் எழுதிக்கொள்ளலாம். அந்த எண் கையில் இருந்தால் கடையிலும் ஏமாற்றம் இல்லை, இணையத்தில் வாங்கினாலும் ஏமாற்றம் இல்லை.

யாருக்கு எந்த நீளம்?

தோளும் மார்பும் சிறுத்து, இடுப்புக்குக் கீழே அகலமாக இருப்பவர்களைப் பேரிக்காய் வடிவம் என்பார்கள். இவர்கள் செய்யும் பொதுவான தவறு, அகலத்தை மறைக்க நினைத்து, சரியாக அந்த அகலத்திலேயே முடிகிற சட்டையைப் போடுவது. இவர்களுக்கு இரண்டு நீளம் பொருந்தும். ஒன்று, இடுப்பெலும்பை ஒட்டி முடியும் குட்டைச் சட்டை. மற்றொன்று, சீட் அளவைத் தாண்டி நடுத்தொடைக்கு இறங்கும் குர்த்தி. இடையிலிருந்து மெல்ல விரியும் ஏ-லைன் வெட்டு இவர்களுக்கு மிகவும் ஏற்றது.

வயிற்றுப் பகுதி பருத்திருப்பவர்களுக்கு வேறொரு சிக்கல். துணி வயிற்றின் மேல் ஏறி இறங்குவதால் முன்பக்கத்தின் நீளம் அங்கேயே செலவாகிவிடும். முன் ஓரம் தூக்கிக்கொண்டு, பின் ஓரம் தொங்கும். சட்டை பொருந்தவில்லை என்று எல்லாரும் எண்ணுவார்கள். உண்மையில் முன்பக்கத்துக்கு ஓர் அங்குலம் கூடுதலாக வைத்துத் தைக்கச் சொன்னால் ஓரம் சமமாகிவிடும். பிள்ளை பெற்ற பிறகு பழைய அளவிலேயே தைக்கக் கொடுக்கும் தாய்மார்கள் இதைத் தையல்காரரிடம் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். சீட்டுக்குச் சற்றுக் கீழே முடிகிற, ஓரம் வளைந்த சட்டை இவர்களுக்கு நன்றாக இருக்கும். கீழே ரப்பர் வைத்து இறுக்கிய சட்டை, வயிற்றுக்கு அடியில் துணியைச் சேர்த்து உப்ப வைக்கும். அதைத் தவிர்ப்பது நலம்.

தோளிலிருந்து தொடை வரை நேராக இருப்பவர்களுக்கு இடுப்பில் ஒரு வளைவு தெரிந்தால் அழகு. இடையில் பிடித்து, அதற்குக் கீழே சுருக்கம் வைத்து விரியும் பெப்லம் வகைச் சட்டை இவர்களுக்காகவே ஏற்பட்டது போலிருக்கும். தோள் அகன்று இடுப்பு ஒடுங்கியவர்களும் இதை அணியலாம்; கீழே விரியும் ஓரம் மேலே உள்ள அகலத்தோடு சமன் செய்துகொள்ளும். இடை ஒடுங்கி மேலும் கீழும் ஒத்த அளவாக இருப்பவர்களுக்கு இடையைக் காட்டும் எந்த வெட்டும் பொருந்தும். பெரிய தொளதொளச் சட்டைதான் இவர்களுக்குப் பகை. இருக்கிற இடையையும் அது விழுங்கிவிடும்.

உயரத்தையும் சேர்த்தே பார்க்க வேண்டும். குள்ளமானவர்கள் முழங்காலைத் தாண்டும் சட்டை போட்டால் கால் இருக்குமிடமே தெரியாது. சட்டை ஒரு பங்கு, கால்சட்டை இரண்டு பங்கு என்று தெரிந்தால் உயரம் கூடியது போலிருக்கும். நீளச் சட்டைதான் பிடிக்கும் என்றால் சட்டையும் கால்சட்டையும் ஒரே நிறத்தில் இருக்கட்டும். நிறம் மாறாவிட்டால் கோடு மறையும். கண்ணும் நடுவில் நிற்காது.

கெபாயா கற்றுத் தரும் பாடம்

ஓரம் எப்போதும் நேர்க்கோடாக இருக்க வேண்டும் என்று விதி எதுவும் இல்லை. இதற்கு நல்ல எடுத்துக்காட்டு இந்த மண்ணிலேயே இருக்கிறது. நோன்யா கெபாயாவின் முன்பக்கம் இரு முனைகளாகக் கூர்ந்து இறங்கும். இடுப்பின் குறுக்கே வெட்டாமல் அந்த ஓரம் சாய்வாகப் போவதால், கண்ணும் அதோடு கீழே வழுக்கிச் செல்கிறது. தலைமுறை தலைமுறையாகப் பல உடல்வாகு கொண்ட பெண்கள் அதை அணிந்து வந்ததற்கு இந்த வெட்டும் ஒரு காரணம் எனலாம். மலேசியா, சிங்கப்பூர், இந்தோனீசியா, புருணை, தாய்லாந்து ஆகிய ஐந்து நாடுகள் சேர்ந்து முன்மொழிந்த கெபாயா, 2024 டிசம்பரில் யுனெஸ்கோவின் மரபுப் பட்டியலில் இடம்பெற்றது.

பாஜு கூரோங் வேறு வழியில் போகிறது. அது முழங்கால் அளவுக்கு இறங்கி, அகலமான பகுதியை முழுதாகக் கடந்த பிறகே முடிகிறது. சாய்ந்து இறங்குவது கெபாயாவின் வழி. கடந்து முடிவது கூரோங்கின் வழி. குர்த்தி தைக்கும் பெண்கள் இரண்டிலிருந்தும் கற்றுக்கொள்ளலாம்.

குர்த்தியின் பக்கவாட்டுத் திறப்பும், அதாவது 'ஸ்லிட்', இதே வேலையைச் செய்கிறது. திறப்பு சீட்டுக்கு மேலே, இடுப்பெலும்பை ஒட்டித் தொடங்கினால் துணி தாராளமாக விழும். சீட்டுக்குக் கீழே தொடங்கினால் அகலமான இடத்தில் துணி இழுபட்டுச் சுருங்கும். உட்கார்ந்து எழும்போது தையல் விடும். ஓரத்தில் அகலமான ஜரிகைக் கரை வைத்தால், அந்தக் கோடு இன்னும் பளிச்சென்று தெரியும் என்பதையும் மறக்கக்கூடாது. அகலத்தைக் காட்ட விரும்பாதவர்கள் கரையைக் கழுத்துக்கும் கைக்கும் மாற்றிக்கொள்ளலாம்.

காலுக்கு என்ன அணிகிறோம் என்பதும் கணக்கில் சேரும். இறுக்கமான லெக்கிங்ஸுக்கு நீளமான சட்டை, அகலமான பலாசோவுக்குக் குட்டையான சட்டை என்பது எளிய கணக்கு. இரண்டும் அகலமாக இருந்தால் உருவம் மூட்டையாகும்.

வெயிலும் வேலையும்

அழகு மட்டும் போதாது. வெயிலும் புழுக்கமும் ஆண்டு முழுவதும் இருக்கும் ஊர் இது. மறைக்க வேண்டும் என்று சட்டைக்கு மேல் சட்டை போட்டு வியர்த்து வழிவதில் பயனில்லை. பருத்தியோ ரேயானோ எடுத்தால் முதலில் தண்ணீரில் நனைத்து உலர்த்திய பிறகே தைக்கக் கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் முதல் சலவையிலேயே நீளம் சுருங்கி, பார்த்துப் பார்த்து வைத்த ஓரம் மீண்டும் தவறான இடத்துக்கே ஏறிவிடும். மடிப்பில் ஒன்றரை அங்குலம் துணி விட்டுத் தைக்கச் சொல்வது பாதுகாப்பு. பின்னால் தேவைப்பட்டால் இறக்கிக்கொள்ளலாம்.

மோட்டார் சைக்கிளில் போகிறவர்கள் நீண்டு பறக்கும் ஓரத்தைத் தவிர்க்க வேண்டும். சக்கரத்தில் சிக்கினால் உயிருக்கே ஆபத்து. மின்படிக்கட்டிலும் அதே கவனம் தேவை. நாள் முழுவதும் உட்கார்ந்து வேலை செய்கிறவர்கள் கடையிலேயே ஒருமுறை உட்கார்ந்து பார்க்கட்டும். நிற்கும்போது சரியாக இருக்கிற சட்டை உட்காரும்போது முதுகில் ஏறினால், அன்று முழுவதும் கை அதை இழுத்துவிட்டுக்கொண்டே இருக்கும்.

கடையில் இரண்டு சட்டைகளுக்கு நடுவே தயக்கம் வந்தால் நீளமானதை எடுப்பது புத்திசாலித்தனம். நீளத்தைக் குறைப்பது எந்தத் தையல் கடையிலும் முடியும். குறைந்ததை நீட்டுவது கடினம். அலமாரியில் போடாமல் கிடக்கும் பழைய சட்டைகளையும் எடுத்து ஊக்குக் குத்திப் பார்த்தால், பாதிச் சட்டைகளுக்கு உயிர் வந்துவிடும். தையல் கூலி புதுச் சட்டையின் விலையில் சிறு பங்குதான்.

சொல்லும் ஓர் ஆடைதான்

இவ்வளவும் சொன்ன பிறகு ஒன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஒல்லியாகத் தெரிவது எந்தப் பெண்ணுக்கும் கடமையன்று. தன் இடுப்பின் அகலத்தை விரும்பிக் காட்ட நினைப்பவர், இதே விதியைத் திருப்பிப் போட்டு, ஓரத்தை அங்கேயே வைத்துக்கொள்ளலாம். அது அவர் விருப்பம். விதி தெரிந்து செய்தால் அது தேர்வு. தெரியாமல் அமைந்தால் அது தற்செயல்.

வீட்டுப் பெரியவர்கள் நல்லெண்ணத்தோடுதான் பேசுகிறார்கள் என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும் "இந்த உடம்புக்கு எடுக்காது" என்ற சொல் கடையோடு நின்றுவிடுவதில்லை. அது அந்தப் பெண்ணோடு வீட்டுக்கு வந்து, கண்ணாடி முன்னும் கல்யாண வீட்டிலும் கோயில் திருவிழாவிலும் கூடவே நிற்கிறது. போகாமலேயே இருந்துவிடுகிற பெண்களும் உண்டு.

அடுத்த முறை மகள் முகம் வாடி வெளியே வந்தால், அம்மாவோ அத்தையோ கைப்பையிலிருந்து இரண்டு ஊக்கு எடுத்து, சட்டையின் ஓரத்தை மடித்துக் குத்தி, "இப்பப் பாரு, கண்ணு" என்று சொல்லிப் பார்க்கட்டும். குறை சட்டையில் என்று அந்தப் பெண் தெரிந்துகொள்வாள். வரும் தீபாவளிப் படத்தில் அவள் முன்வரிசையில் நிற்பாள்.