தேடுகிறவர் கண்ணில் நம் கடை

(பாறசாலையில் நடந்த நம் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இன்று நாம் பேச வந்திருப்பது கூலியைப் பற்றியல்ல, ரேஷன் அட்டையைப் பற்றியுமல்ல. கூலி வேலைக்கு இந்தப் பக்கம் வந்த நம் குடும்பங்களில் சில இன்று சொந்தமாக ஒரு தொழிலை ஊன்றி நிற்கின்றன. முறுக்கும் அப்பளமும் போடுகிற வீடுகள், தையல் கடைகள், கல்யாணச் சமையல் எடுத்துச் செய்கிறவர்கள், கருப்பட்டி வியாபாரம் என்று பட்டியல் நீளும். சரக்கில் குறையில்லை, உழைப்பிலும் குறையில்லை. ஆனால் அரை மைல் தூரத்தில் இருக்கிறவன் கைப்பேசியில் தேடினால் நம் கடை வருவதில்லை. நகரத்துக் கடைதான் வருகிறது. ஏன் என்பதுதான் இன்றைய பேச்சு. இதற்குத் தேடுபொறி உகப்பாக்கம் என்று வாயில் நுழையாத பெயர் ஒன்று வைத்திருக்கிறார்கள். பெயரைக் கண்டு பயப்பட வேண்டாம்.

கூகுள் 1998-இல் தொடங்கியது. நாம் கேட்கிற நேரத்தில் அது ஊரெல்லாம் ஓடிப் பார்த்துவிட்டு வந்து பதில் சொல்கிறது என்று பலர் நினைக்கிறோம். அப்படியல்ல. முன்கூட்டியே பக்கம் பக்கமாகப் படித்து, எந்தப் பக்கத்தில் என்ன இருக்கிறது என்று ஒரு பெரிய பேரேட்டில் குறித்து வைத்துக்கொள்கிறது. கேட்கும்போது அந்தப் பேரேட்டைப் புரட்டி, பொருத்தமானதை முன்னால் எடுத்து வைக்கிறது. பேரேட்டில் ஏறாத கடை அதன் கணக்கில் இல்லாத கடை.

நம்மவர்கள் பெரும்பாலும் இங்கேதான் கோட்டை விடுகிறோம். கல்யாணச் சமையலுக்கு அழகான நோட்டீஸ் அடிக்கிறோம். அதையே படம் எடுத்து இணையதளத்தில் ஒட்டிவிட்டு வேலை முடிந்தது என்கிறோம். மனிதக் கண்ணுக்கு அது நோட்டீஸ். தேடுபொறிக்கு அது முதலில் ஒரு படம். படத்துக்குள் இருக்கிற எழுத்தை நம்பிக் கடை நடத்த முடியாது. சாம்பார், அவியல், பாயசம், எத்தனை பேருக்குச் சமைப்போம், எந்த ஊர்வரை வருவோம் என்பதையெல்லாம் எழுத்தாகத் தட்டி வைக்க வேண்டும். படம் இருக்கட்டும், அதன் பின்னால் இது என்ன படம் என்று ஒரு வரி எழுத இடம் உண்டு, அதையும் நிரப்ப வேண்டும். அடுத்தது பக்கத்தின் தலைப்பு. நம் இணையதளங்கள் பலவற்றில் அங்கே ‘முகப்பு’ என்று மட்டும் கிடக்கிறது. முகப்பு என்று யார் தேடப் போகிறார்கள்? ‘பாறசாலையில் கல்யாணச் சமையல்’ என்று எழுதினால் தேடுகிறவனும் நாமும் ஒரே சொல்லில் சந்திக்கிறோம்.

இனி நம் எல்லைக்கே உரிய சங்கடம். 1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் அன்றைய சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. நெய்யாற்றின்கரை தாலுகா கேரளத்தில் நின்றது. அந்த வழக்கை இங்கே மீண்டும் விசாரிக்கப் போவதில்லை. ஆனால் அந்தக் கோடு இன்று கைப்பேசிக்குள்ளும் ஓடுகிறது. பாறசாலை அஞ்சல் எண் 695 என்று தொடங்கும். சில கிலோமீட்டரில் இருக்கிற களியக்காவிளைக்கு 629. நாம் நெய்யாற்றின்கரை என்கிறோம், மலையாளத்தில் அது ‘கர’ என்று முடிகிறது, ஆங்கிலப் பலகையும் அப்படியே எழுதுகிறது. பாறசாலைக்கு ஆங்கிலத்தில் ஒரு ‘எஸ்’ போடுவாரும் உண்டு, இரண்டு போடுவாரும் உண்டு. எழுத்துப் பிழையைத் தேடுபொறி ஓரளவு ஊகித்துக்கொள்ளும். ஆனால் மலையாளத்தில் தேடுகிற அண்டை வீட்டாருக்கு, தமிழில் மட்டும் எழுதிய நம் பக்கம் எப்படிக் கிடைக்கும்? ஆங்கிலத்தில் மட்டும் எழுதிவிட்டு, மார்த்தாண்டத்திலிருந்து தமிழில் தேடுகிறவரை இழப்பதும் அதே தவறுதான். ஆகவே தமிழுக்கு ஒரு பக்கம், மலையாளத்துக்கு ஒரு பக்கம், ஆங்கிலத்துக்கு ஒரு பக்கம் என்று தனித்தனியாக வையுங்கள். எந்திரத்தில் போட்டு மொழிபெயர்த்து அப்படியே ஒட்டாதீர்கள். பள்ளியில் மலையாளம் படிக்கிற நம் பிள்ளைகள் வீட்டிலேயே இருக்கிறார்கள். அவர்களைப் படித்துத் திருத்தச் சொல்லுங்கள்.

இணையதளம் இல்லாதவர்களும் மனம் தளர வேண்டாம். கூகுள் வரைபடத்தில் கடையைப் பதிவு செய்வது இலவசம். அங்கே யார் முன்னால் வருவது என்பதை மூன்று விஷயம் பார்த்து முடிவு செய்கிறார்கள்: கேட்டதற்குக் கடை பொருந்துகிறதா, எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது, எவ்வளவு பேர் அறிந்த கடை. தூரத்தை நாம் மாற்ற முடியாது. அது நமக்குச் சாதகமும்கூட. மற்ற இரண்டும் நம் கையில் உண்டு. கடைப் பலகையில் உள்ள பெயரையே கொடுக்க வேண்டும். ‘சிறந்த, மலிவான’ என்று வால் ஒட்டினால் விதிமீறல். தொழிலின் வகை, திறக்கும் நேரம், தொலைபேசி எண் எல்லா இடத்திலும் ஒன்றாக இருக்க வேண்டும். கடை உண்மையில் இருக்கிறது என்று காட்ட வீடியோ கேட்கலாம். பலகையும் தெருவும் உள்ளே நடக்கிற வேலையும் தெரியும்படி எடுத்து அனுப்புங்கள். வாடிக்கையாளரைக் கருத்து எழுதச் சொல்லலாம். காசோ தள்ளுபடியோ கொடுத்து எழுத வைப்பது கூடாது.

இப்போது ஒரு கசப்பான செய்தி. நம் சங்கத்துக் குடும்பம் ஒன்று இரண்டு மாத வாடகைப் பணத்தை ஒரு தரகரிடம் கொடுத்தது. ‘முதலிடத்தில் கொண்டுவந்து நிறுத்துகிறோம்’ என்பது அவர் வாக்கு. முதலிடத்துக்கு எவரும் உத்தரவாதம் தர முடியாது என்று கூகுளே எழுதி வைத்திருக்கிறது. விளம்பரத்துக்குப் பணம் கட்டினால் விளம்பரம் என்ற அடையாளத்தோடு வரும். மற்ற வரிசை அதனால் நகராது. அவர் செய்ததாகக் காட்டிய வேலை, பக்கத்தின் மறைவான இடத்தில் நூறு சொற்களைத் திணித்தது. அந்தச் சொற்பட்டியலைத் தரவரிசைக்குப் பார்ப்பதில்லை என்று 2009-லேயே கூகுள் அறிவித்துவிட்டது! இதைவிடக் கொடுமை, தளத்தின் பெயரும் வரைபடப் பதிவும் அந்தத் தரகரின் கணக்கில் இருந்தன. கணக்கைத் திருப்பிக் கேட்டபோது மேலும் பணம் கேட்டார். வீட்டுப் பத்திரத்தை அடுத்தவன் பெயரில் எழுதுவோமா? வரைபடப் பதிவின் உரிமையைக் கேட்டு விண்ணப்பிக்க வழி இருக்கிறது, அதைச் செய்திருக்கிறோம். தளத்தின் பெயரை மட்டும் புதிதாக வாங்க வேண்டியதாயிற்று.

பெயர் எவ்வளவு பெரிய சொத்து என்பதற்குப் பக்கத்திலேயே சான்று இருக்கிறது. பாலராமபுரத்துக் கைத்தறியைத் தொடங்கியவர்கள், திருவிதாங்கூர் அரசர் பாலராமவர்மா காலத்தில் தமிழ்ப் பகுதியிலிருந்து அழைத்து வரப்பட்ட சாலியர்கள்; நமக்கு இருநூறு ஆண்டுக்கு முன்னால் வந்தவர்கள். அந்தத் துணிக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. ஆனாலும் விசைத்தறித் துணியை அதே பெயரில் விற்கிறார்கள். தறியில் உட்கார்ந்திருப்பவர் தன் தறியையும் நூலையும் ஒரு சேலைக்கு ஆகும் நாளையும் தன் சொல்லில் எழுதி வைக்காவிட்டால், அந்தப் பெயரைத் தேடுகிறவர் கண்ணில் முதலில் படுவது வியாபாரியின் பக்கம்தான். மற்ற நல்ல தளங்கள் நம் பக்கத்தைச் சுட்டினால் தேடுபொறி அதையும் மதிப்பாக எடுத்துக்கொள்ளும். கூட்டுறவுச் சங்கம், பள்ளி, நாம் சமைத்துக் கொடுத்த மண்டபம் ஆகியவற்றைக் கேட்டுப் பாருங்கள். விலைக்கு விற்கிற சுட்டிகளை வாங்காதீர்கள். கண்டுபிடித்தால் தண்டனை நமக்குத்தான்.

பலன் உடனே தெரியாது. சில நாளும் ஆகலாம், சில மாதமும் ஆகலாம். எந்தச் சொல்லைத் தேடி வந்தார்கள் என்று பார்க்க ‘சர்ச் கன்சோல்’ என்ற இலவசக் கருவி உண்டு. அதைத் திறந்து காட்ட நம் இளைஞர்கள் வருகிற ஞாயிறு காலை பத்து மணிக்குச் சங்கத்தில் இருப்பார்கள். வருகிறவர்கள் கைப்பேசியும், கடைப் பலகையின் படமும், உங்கள் சொந்த மின்னஞ்சல் கணக்கின் கடவுச்சொல்லும் கொண்டு வாருங்கள். கடவுச்சொல்லை நீங்களே தட்டுங்கள். எங்களிடமும் சொல்ல வேண்டாம்.